பழைய ஷாக்கே போதும்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் வைத்தியர் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஒன்று கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் எஞ்சின் பக்கம் போகமாட்டார். நாலு மூலையிலும் உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, வண்டி எத்தனை தடவை ஆடி நிற்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு தடவை எழுந்து அடங்கினால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. இரண்டு, மூன்று என்று ஆடினால் அதன் கதை முடிந்தது. "நாடி பார்த்தாச்சா வைத்தியரே, பிழைக்குமா?" என்று பக்கத்துக் கொட்டகை வெல்டர் ஒரு நாள் கேட்டு வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

முப்பது வருஷமாக அவருக்கு வண்டியின் அடிப்பக்கத்து வேலை மட்டும்தான். ஸ்பிரிங், ஷாக், அச்சு, ரப்பர் புஷ். வேறு எதைக் கேட்டாலும் எதிர்த்த கடையைக் கைகாட்டிவிடுவார். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. முன்னறையில் அவர் மனைவி கார்களுக்கு சீட் கவர் தைத்தாள். தகரக் கூரையில் வெயில் ஏற ஏற, அவள் வெட்டிப்போட்ட ரெக்ஸின் துண்டுகளின் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து வீடு முழுக்க நிற்கும்.

ஒரே மகள். ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் எழுதித் தருபவர். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார். சாப்பிடுவார், சிரித்துப் பேசுவார், கிளம்பிவிடுவார். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. காரை வேலைக்கு விடுவதுகூட வேறெங்கோதான்.

"நம்மகிட்ட ஒரு தடவையாவது விடக் கூடாதா?" என்று மனைவி ஒருமுறை கேட்டபோது, "சொந்தக்காரன்கிட்ட விட்டா குறை சொல்ல முடியாதுல்ல, அதான்" என்று இவரே மாப்பிள்ளைக்காகப் பேசினார். சொன்னாரே தவிர, அது உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. தன் அழுக்குச் சட்டையைப் பார்த்து மாப்பிள்ளை கூச்சப்படுகிறாரோ என்று ஒரு எண்ணம்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளையின் சாம்பல் நிறக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றபோது, ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினார்.

"வாங்க மாப்பிள்ளை. அவ வரலையா? வீட்டுக்குள்ள வாங்க."

"இல்ல மாமா, உங்ககிட்டதான் வந்தேன்."

டிக்கியைத் திறந்து காட்டினார். அட்டைப்பெட்டிக்குள் சிவப்புப் பூச்சடித்த நாலு ஸ்பிரிங். வழக்கமான ஸ்பிரிங்கைவிடக் குட்டை.

"வண்டியை ரெண்டு இஞ்ச் இறக்கணும் மாமா. நாளன்னைக்கு எங்க காலேஜ் செட்டு எல்லாரும் வண்டியோட ஒண்ணு கூடுறோம். அவனவன் வண்டி தரையோட ஒட்டிக்கிட்டு நிக்கும். என்னோடது மட்டும் கொக்கு மாதிரி நிக்குது."

வைத்தியர் சிரித்தார். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்மேல் செய்தித்தாளை விரித்து உட்காரச் சொன்னார். வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்ததே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. தேநீர் சொல்லி அனுப்பினார். பிறகு நாலு மூலையையும் அமுக்கிப் பார்த்தார். முன்பக்கம் சுமார். பின்பக்கம் வலது மூலை ஆடி நிற்க நேரமாயிற்று.

"ஸ்பிரிங் மட்டும் மாத்தினா பத்தாது மாப்பிள்ளை. ஷாக்கும் சேர்த்து மாத்தணும்."

"கடைக்காரர் இது மட்டும் போதும்னாரே."

"அவர் விக்கறவர், சொல்லுவார். இதைப் பாருங்க." வைத்தியர் பழைய ஷாக் ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தார். "வண்டியைத் தூக்கிப் போடறது ஸ்பிரிங். தூக்கிப் போட்டதைப் பிடிச்சு நிறுத்தறது இது. வண்டியை இறக்கிட்டா இந்தத் தண்டு எப்பவும் பாதி உள்ள அமுங்கியே நிக்கும். பள்ளத்துல விழுந்தா மேற்கொண்டு போக இடமில்ல, அடியில போய் முட்டும். குட்டை ஸ்பிரிங் வேற விறைப்பா இருக்கும், எகிறும். புதுசா இருந்தாலே திணறும். உங்க வண்டியில இருக்கறது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடின ஷாக். உள்ள இருக்கற சீல் பிஞ்சு எண்ணெய் இறங்கிடும். அப்புறம் அது ஷாக் இல்ல, வெறும் குழாய்."

"சரி மாத்திடுங்க மாமா. சாயங்காலம் கிடைச்சிடுமா?"

"இதுக்குத் தோதான குட்டை ஷாக் இங்க கிடைக்காது. சொல்லிவிட்டா வர எட்டு நாள் ஆகும்."

மாப்பிள்ளையின் முகம் சின்னதாகிவிட்டது. செல்போனை எடுத்துப் பார்த்தார். எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப இருக்கட்டும் மாமா. எப்பவும் விடற இடத்துல உடனே பண்ணித் தரேன்னுதான் சொன்னாங்க. அவதான் எங்கப்பா இருக்கும்போது வெளிய எதுக்குன்னு இங்க அனுப்பினா. நான் அங்கேயே பார்த்துக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் வைத்தியரை ஆட்டிவிட்டது. இரண்டு வருஷம் கழித்துக் கொட்டகைக்கு வந்த மனிதர், ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பப் போகிறார். இனி வரவே மாட்டார்.

"இருங்க மாப்பிள்ளை. எதுக்கு அவசரம்? கழட்டிப் பார்த்துடுவோம்."

கழற்றினார். முன்பக்கம் இரண்டும் பரவாயில்லை. பின்பக்கம் வலது ஷாக்கின் உடம்பில் தூசி கருப்பாகப் படிந்து ஈரமாக இருந்தது. விரலை வைத்தார். எண்ணெய். சீல் கசியத் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கம் தேநீர் டம்ளரோடு நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வைத்தியர் கை துடைக்கும் பனியன் துணியை எடுத்து அந்த ஈரத்தை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தார். துணியைச் சுருட்டி டிரம்முக்குள் போட்டார்.

"பழைய ஷாக்கே போதும்," என்றார். "தாங்கும்."

அன்றைய பகல் அவருக்கு நல்ல பகலாக இருந்தது. மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கவ்வியை இறுக்கும்போது, "நழுவினா பல்லு போயிடும், முகத்தைத் தள்ளி வைங்க" என்றதும் நாலடி தள்ளிப்போய்ச் சிரித்தார். மத்தியானம் மனைவி ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் பெஞ்சிலேயே சாப்பிட்டார்கள். வெல்டர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஷாக் மாத்தலையா வைத்தியரே?"

"மாப்பிள்ளைக்கு அவசரம்."

வெல்டர் பழைய ஷாக்கை ஒருமுறை பார்த்தார். முகமூடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாலரை மணிக்கு வண்டி தாழ்ந்து, அகன்று நின்றது. மாப்பிள்ளை அவர் தோளில் கைபோட்டு நின்று படமெடுத்தார். சட்டையில் கிரீஸ் ஒட்டியதைக் கண்டுகொள்ளவில்லை. "எங்க மாமா பண்ணினதுன்னு எல்லாருக்கும் காட்டுவேன்," என்றார். ஞாயிறு இரவு மகள் பேசினாள்: "வண்டியைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கார்ப்பா. உங்களைப் பத்தியும்."

சனிக்கிழமையே வைத்தியர் குட்டை ஷாக் நாலுக்குச் சொல்லிவிட்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. வந்ததும் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்பது திட்டம். ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. பெஞ்சுக்கு அடியில் வைத்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். என்னவென்று சொல்வது? போதும் என்று சொன்னவர், போதாது என்று எப்படிச் சொல்வது? கெட்டுப்போனது தெரிந்தே மாட்டினேன் என்று அல்லவா ஆகும்? வீட்டுக்கு வரும்போது, சும்மா பார்க்கலாமே என்று வண்டியை உள்ளே விட்டு, பேச்சோடு பேச்சாக மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அவர்கள் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று பதின்மூன்று நாள் பெட்டி அங்கேயே கிடந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மாலை மாப்பிள்ளை ஃபோன் செய்தார். வார்த்தை ஒழுங்காக வரவில்லை. பாலத்துக்கு முந்தின இறக்கத்தில் ஒரு பள்ளம். அதில் இறங்கி ஏறியதும் வண்டியின் பின்பக்கம் எகிறி, திரும்ப எகிறி, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மாப்பிள்ளைக்கு நெற்றியில் காயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மகள் சக்கர நாற்காலியில் இருந்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது.

"மெதுவா போங்கன்னு மூணு தடவை சொன்னேன்ப்பா. கேக்கவே இல்ல."

"அம்பதுலகூடப் போகலம்மா," என்றார் மாப்பிள்ளை.

"அம்பதுல போனா வண்டி பறக்குமா?"

வைத்தியரின் மனைவி அதுவரை அழுதுகொண்டிருந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றாள். "வண்டியை இறக்கறேன் ஏத்தறேன்னு சின்னப் பையன் மாதிரி ஆடினப்பவே நினைச்சேன். என் பொண்ணைக் கொல்லப் பார்த்தீங்களே. அவ கையாலதானே அவ பிழைப்பு? இனிமே அந்தக் கை ஊசி பிடிக்குமா?"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை நெற்றிக் கட்டோடு தலையைக் குனிந்து நின்றார். வைத்தியர் சுவரோரம் நின்றிருந்தார். ஐம்பதில் போனால் வண்டி பறக்குமா என்று மகள் கேட்டதற்கு அந்தக் கட்டடத்தில் பதில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நாற்பதில்கூடப் பறக்கும். வாயைத் திறந்தார். "மருந்துச் சீட்டைக் குடு, வாங்கிட்டு வரேன்," என்றார்.

மகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். சோறு மடியில் சிந்தும். அம்மா தலை வாரிவிட்டாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை தினமும் கூப்பிட்டார், மகள் எடுக்கவில்லை. "அந்த மனுஷன்கூட இனி வண்டியில ஏற மாட்டேன். வண்டியில என்ன, எதுலயும் நம்ப முடியாதும்மா. சொன்னா கேக்கணும்ல" என்று அவள் பேசுவது தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கொட்டகைவரை கேட்கும். அந்த நேரம் பார்த்து வைத்தியர் எதையாவது சுத்தியலால் தட்டுவார்.

எட்டாம் நாள் மாப்பிள்ளையே வந்தார், பஸ்ஸில். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் மெஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் நேராகக் கொட்டகைக்கு வந்து, உட்காராமல் நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

"மாமா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்."

"என்னத்துக்கு மாப்பிள்ளை."

"அம்பதுன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். யோசிச்சுப் பார்த்தா வேகமாத்தான் போயிருப்பேன் போல. எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க. எங்கம்மாகூட. இப்பல்லாம் பஸ்ல உக்காந்தாலே பள்ளம் வந்தா கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கறேன். நீங்க அவ்வளவு அக்கறையா வேலை பார்த்துக் கொடுத்தீங்க. நான் அதைக் கெடுத்துட்டேன்."

வைத்தியர் கையில் இருந்த கிரீஸ் டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். சொல் என்று உள்ளே ஒன்று சொன்னது. எதிரே நிற்பவர் கைகூப்பாத குறையாக நிற்கிறார். இப்போது சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று ஒரு கணம் நினைத்தார். அந்த ஒரு கணத்தில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"சாப்பிட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை."

"இல்ல மாமா. வேணாம்." தெருவில் இறங்கி நடந்தார். பஸ் நிறுத்தம்வரை முதுகு தெரிந்துகொண்டே இருந்தது. வைத்தியர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பதினோராம் நாள் காலை, போலீஸ் வேலையெல்லாம் முடிந்து, மோதிய காரைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள். மாப்பிள்ளைதான் அங்கே கொண்டுபோகச் சொல்லியிருந்தார். வைத்தியர் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, வலது சக்கரத்தைக் கழற்றினார். ஷாக் முழுக்க எண்ணெய் வடிந்து காய்ந்திருந்தது. கழற்றித் தரையில் நிறுத்தித் தண்டை அமுக்கினார். தண்ணீரில் குச்சியை விட்டமாதிரி உள்ளே போயிற்று. போனது போனதுதான், திரும்ப வரவில்லை.

வெல்டர் வந்து நின்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இரும்புக்காரன் இன்னைக்கு வருவான். கழிவோட கழிவா போட்டுவிட்டா போயிடும்," என்றார். பிறகு, "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்றார்.

"நீ எதுக்கு என்கிட்ட இத்தனை நாளா ஒண்ணும் கேக்கல?"

"என்ன கேக்கச் சொல்றீங்க வைத்தியரே? உங்ககிட்ட வேலை விடறவன்கிட்டல்லாம் அவர் சொன்னா நம்புன்னு முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். அந்த வாயால என்னத்தைக் கேக்க?"

வைத்தியர் ஷாக்கைத் தாளில் சுற்றினார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உடனே வரமுடியுமா என்று கேட்டார். பெஞ்சுக்கு அடியிலிருந்து பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மாப்பிள்ளை வந்தபோது மத்தியானம். மகள் எழுந்து போகப் பார்த்தாள். "உக்காரும்மா. அவருக்காக இல்ல. எனக்காக உக்காரு," என்றார். மனைவி, வெட்டிக்கொண்டிருந்த கத்தரியோடு வந்து நின்றாள். சாப்பாட்டு மேஜைமேல் தாளை விரித்து ஷாக்கை வைத்தார்.

"அமுக்குங்க மாப்பிள்ளை."

அவர் அமுக்கினார். தண்டு உள்ளே போய் நின்றது.

"திரும்பி வரணும். வராது. அதனாலதான் வண்டி எகிறினது. நீங்க ஓட்டினதுல ஒண்ணுமில்ல. அம்பதுதான். நாப்பதா இருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்."

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "எப்ப போச்சு இது?"

"மாட்டும்போதே கசிஞ்சுக்கிட்டிருந்தது. பார்த்தேன். துடைச்சுட்டு மாட்டினேன். நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு நினைச்சு... இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் புதுசுக்குச் சொன்னேன். வந்துது." பெட்டியைத் தள்ளினார். "கூப்பிட்டுச் சொல்ல வெக்கமா இருந்தது."

மகள் இடது கையால் பெட்டியைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த தேதியைப் படித்தாள். விரலை மடக்கி நாள் எண்ணினாள்.

"ஆஸ்பத்திரியில நான் இவரைத் திட்டினேனே, அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மா அத்தனை பேர் முன்னாடி பேசினப்ப?"

"தெரியும்."

"அன்னைக்கு இவர் வந்து உங்ககிட்ட நின்னாரே?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"கை உடைஞ்சது போகட்டும்ப்பா," என்றாள். குரல் உயரவில்லை. "பதினோரு நாளா என்னைத் தப்பான ஆள்மேல கோபப்பட விட்டுட்டீங்களே."

மாப்பிள்ளை ஷாக்கைத் தொட்டு ஓரமாக நகர்த்தினார். "எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுன்னு நானே நம்பிட்டேன் மாமா," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி கத்தரியை மேஜைமேல் வைத்தாள். மாப்பிள்ளையின் பக்கம் ஒருமுறை திரும்பினாள். அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். "அத்தை, விடுங்க. தெரியாமத்தானே பேசினீங்க," என்று மாப்பிள்ளை வாசற்படியில் நின்று சொன்னபோதும் அவள் திரும்பவில்லை. அவளுக்குத் தெரியாது, அவள் புருஷனுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு யார் முகத்தில் அவள் விழிப்பாள்?

அன்று மாலையே மகள் புருஷனோடு கிளம்பிவிட்டாள். அதன்பிறகு அம்மாவோடு மட்டும் பேசினாள். மனைவியும் வீட்டில் தேவைக்குமேல் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், போய்விடுவாள். வைத்தியர் காரைச் சரிசெய்தார். குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய உயரத்துக்கே ஏற்றி, அதற்கேற்ற புது ஷாக் நாலும் போட்டு, வண்டி தயார் என்று செய்தி அனுப்பினார். "பார்க்கிறேன் மாமா" என்று பதில் வந்தது. வண்டி கொட்டகை மூலையில் அப்படியே நின்றது.

ஒரு மாதம் போனபின் மகள் கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கறாங்க. அவருக்கு லீவு கிடைக்கல. அம்மாவுக்கு முடியலையாம். நீங்க வர முடியுமா?"

வியாழக்கிழமை ஏழு மணிக்கே போய் வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்தார். மகள் வந்து பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டார்கள். கட்டுப் பிரிப்பவர் வயதானவர், பேச்சுக்காரர். கட்டின்மேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"எப்படிம்மா ஆச்சு? விழுந்தியா?"

"கார்ல."

"ஓட்டினது யாரு, வீட்டுக்காரரா? இப்ப இருக்கறவங்களுக்கு எல்லாம் வேகம்..."

"அவர் மெதுவாத்தான் ஓட்டினார்," என்றார் வைத்தியர். குரல் தேவைக்குமேல் பெரிதாக வந்துவிட்டது. கதவோரம் முறைக்குக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வண்டியில வேலை பார்த்தது நான். ஷாக் கெட்டுப்போனதைத் தெரிஞ்சே மாத்தாம விட்டுட்டேன்."

"நீங்க யாரு?"

"அவ அப்பா."

அந்த மனிதர் பென்சிலைக் கீழே வைத்தார். "கையை ஆட்டாதம்மா," என்று சொல்லி மெஷினைப் போட்டார். மாவு பறந்தது. கட்டு இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்து மெலிந்து வெளுத்த கை வந்தது. மகள் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"மடக்கு பார்ப்போம்."

விரல்கள் பாதிவரை வந்து நின்றன. நெற்றியில் வியர்வை பூத்தது. பாதிக்குமேல் வரவில்லை.

"பயப்படாதே. இது பழக்கத்துலதான் வரும். தினமும் மூணு வேளை யாராவது பிடிச்சு மடக்கிவிடணும். மடக்கிப் பத்து எண்ணணும், அப்புறம் விடணும். யார் செய்யப்போறது? இப்பவே பார்த்துக்கங்க."

மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தமாதிரி இருந்தது. பிறகு முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள்.

வைத்தியர் அந்த விரல்களைத் தன் விரல்களுக்குள் வாங்கி, கட்டுக்காரர் காட்டியபடி மெதுவாக மடக்கினார். எலும்பு தட்டுவது உள்ளங்கையில் தெரிந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. எண்ணுங்க."

எண்ணினார். ஐந்தில் நின்றுவிட்டார். மிச்சத்தை அவளே எண்ணினாள்.